இரவல் வீரர்களால் ஒரு கழகம் உருவாகுமா?

நம் ஊரில் சுற்றுப்போட்டிகளுக்குப் பஞ்சமில்லை. பெருநாள் விடுமுறைக்கு ஒன்று, பாடசாலை விடுமுறைக்கு ஒன்று. ஆளுயரக் கிண்ணம், அனுசரணையாளரின் படம் போட்ட பெனர், இறுதிப் போட்டிக்கு மட்டும் காசு கொடுத்து வெளியூரிலிருந்து இறக்கும் நான்கு பேர். கிண்ணம் கழகத்தின் அலுமாரிக்குப் போகிறது. அந்த நான்கு பேரும் அடுத்த வாரம் எதிரணிக்கு ஆடுகிறார்கள். நம் எட்டாம் ஆண்டுப் பிள்ளை எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுகிறான்.

ஏன் இப்படி என்று நாங்கள் ஆசிரியர்கள் கேட்டால் ஒரே பதில்தான்: "எல்லா இடத்திலும் இப்படித்தான் சேர். காசு இருந்தால்தான் விளையாட்டு."

இல்லை, எல்லா இடத்திலும் இப்படியில்லை. காசு புரளும் ஒரு தொழில்முறை லீக்கையே உதாரணத்துக்கு எடுப்போம்: ஜேர்மனியின் ஹேண்ட்போல் புண்டஸ்லீகா. பக்கத்துக்கு ஏழு பேர், உள்ளரங்கு, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் விளையாட்டு. 1966இல் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவாக ஆரம்பித்து, 1977இல் ஒரே பிரிவானது. இன்று 18 கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் பருவத்தில் 34 ஆட்டங்கள்.

இதில் வென்றவர்கள் யார்? கும்மர்ஸ்பாக் என்ற ஊரின் சனத்தொகை சுமார் 50,000. அந்த ஊர்க் கழகம் 1966 முதல் 1991 வரை 12 தடவை ஜேர்மன் சம்பியன். லெம்கோ அதைவிடச் சிறியது. 1997இலும் 2003இலும் சம்பியன். தலைநகர் பேர்லினின் கழகம் புண்டஸ்லீகா பட்டத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? 2025இல்!

அதிக பட்டங்கள் வென்ற கழகம் கீல். 23 தடவை. அதன் பெயரை விரித்தால், ஹாஸே, விண்டர்பெக் என்ற இரண்டு சுற்றுப்புறங்களின் உடற்பயிற்சிச் சங்கம் என்றுதான் வரும். 1904இல் அந்த மக்கள் சேர்ந்து தொடங்கியது. இப்படியான சங்கங்களில் ஊரார் சந்தா கட்டும் அங்கத்தவர்கள். சிறுவர் அணி, இளையோர் அணி, பெரியவர் அணி என்று ஒரே பெயரில் படிப்படியாக அணிகள். அதன் உச்சியில்தான் சம்பளம் வாங்கும் தொழில்முறை அணி. அவர்களும் வெளிநாட்டு வீரர்களை வாங்குகிறார்கள்தான். ஆனால் கீழே அத்திவாரம் இருக்கிறது.

அத்திவாரத்தை விட்டு ஓட்டை மட்டும் வாங்கினால் என்ன நடக்கும்? அதற்கும் அங்கேயே பாடம் இருக்கிறது. 2002இல் பாட் ஷ்வார்ட்டாவ் என்ற சிறு ஊரின் அணியைப் பெயர்த்து ஹம்பர்க் மாநகருக்குக் கொண்டுபோனார்கள். ஒரு செல்வந்தரின் பணத்தில் நட்சத்திரங்கள் வந்தார்கள். 2011இல் ஜேர்மன் சம்பியன். 2013இல் ஐரோப்பிய சம்பியன். கிண்ணத்துக்கு என்ன குறை? ஆனால் பணம் வற்றியதும் வங்குரோத்து. 2016 ஜனவரியில், பருவத்தின் நடுவில், லீக்கை விட்டே விலகினார்கள். மிஞ்சியது மூன்றாம் பிரிவில் ஆடிய இரண்டாம் அணி மட்டும்தான். அதை வைத்துக் கீழிருந்து ஏறித்தான் 2021இல் மீண்டும் புண்டஸ்லீகாவுக்கு வந்தார்கள். நட்சத்திரங்கள் போன பிறகு கைகொடுத்தவர்கள் யார் என்று யோசியுங்கள்.

ஊர்க் கழகம் என்றால் விழாது என்றும் நாம் சொல்லவில்லை. கும்மர்ஸ்பாக்கும் 2019இல் முதல் தடவையாகத் தரமிறங்கியது. கழகத்தைக் கலைக்கவில்லை. கோபித்துக்கொண்டு இன்னொரு கழகம் பதியவுமில்லை. மூன்று பருவம் இரண்டாம் பிரிவில் ஆடி 2022இல் திரும்பி வந்தது. நம் ஊரில் ஒரு தோல்விக்கு ஒரு புதுக் கழகம் பிறக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள்.

"அது ஜேர்மனி, அவர்களிடம் வசதி இருக்கிறது" என்று யாராவது கொமென்ட் போடலாம். சந்தா கட்ட, பிள்ளைகளுக்கு ஓர் அணி அமைக்க, வாரம் இரண்டு பின்னேரம் ஒரு மூத்த வீரர் மைதானத்துக்கு வர எவ்வளவு வசதி வேண்டும்? இறுதிப் போட்டி ஒன்றுக்கு வெளியூர் வீரர்களுக்குக் கொடுக்கும் காசில் ஒரு வருடத்துக்கான பந்து வாங்கலாம்.

ஆகவே கழக நிர்வாகிகளிடம் மூன்றே விடயங்கள் கேட்கிறோம். அடுத்த சுற்றுப்போட்டியில் 15 வயதுக்குட்பட்ட அணி இல்லாத கழகத்தைச் சேர்க்காதீர்கள். இரவல் வீரர்களை நிறுத்துங்கள். கிண்ணத்தின் உயரத்தைக் குறைத்து, மிச்சக் காசைப் பயிற்சிக்குக் கொடுங்கள்.

முடியாது என்றால், ஏன் முடியாது என்பதைப் பெற்றோருக்கு முன்னால் சொல்லுங்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள்.