சாட்சி சொல்லும் பிள்ளைக்கு யார் துணை?

பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று கோவை மகிளா நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. தண்டனையைப் பற்றி எல்லோரும் பேசினோம். அரசு வழக்கறிஞர் சொன்ன இன்னொரு தகவலைப் பலர் கவனிக்கவில்லை. விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழ்சாட்சியாக மாறவில்லை.

இத்தனைக்கும் அந்த வழக்கின் தொடக்கம் மோசமாக இருந்தது. 2019இல் புகார் கொடுத்த கல்லூரி மாணவியின் பெயரைக் காவல்துறையே வெளியிட்டது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் வழங்கும்படி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அதன் பிறகும் ஆறு ஆண்டுகள் அந்தப் பெண்கள் சொன்ன சொல்லில் நின்றார்கள். அடையாளம் காக்கப்பட்டதும், மூடிய அறையில் விசாரணை நடந்ததும் அதற்கு உதவின.

அவர்கள் இளம்பெண்கள். பத்து வயதுப் பிள்ளை சாட்சி சொல்ல வேண்டி வந்தால் என்ன ஆகும்? ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவருக்கும் பொருந்தும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதை நன்றாகவே யோசித்திருக்கிறது. வாக்குமூலம் வாங்க வரும் காவலர் சீருடையில் வரக் கூடாது. நீதிமன்றத்தில் குற்றவாளித் தரப்பு வழக்கறிஞர் பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. பிள்ளை நம்பும் ஒருவர் கூடவே இருக்கலாம். திரும்பத் திரும்ப வரவழைக்கவும் கூடாது.

பிறகு ஏன் பிள்ளைகள் பின்வாங்குகிறார்கள்? புகாருக்கும் சாட்சியத்துக்கும் இடையில் ஓடும் காலம்தான் காரணம். ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நாடே கவனித்த அயனாவரம் சிறுமி வழக்கில்கூட 2018 ஜூலையில் கைது நடந்து, 2020 பிப்ரவரியில்தான் தண்டனை வந்தது. அந்த இடைவெளியில் வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்று நமக்குத் தெரியும். பெரியவர்கள் வருவார்கள், உறவினர்கள் வருவார்கள். "பொம்பளப் புள்ள வாழ்க்கை, பேசி முடிச்சிடலாம்" என்பார்கள். விராலிமலை போன்ற ஊரில், ஒரு குடும்பம் பள்ளி நாளில் பிள்ளையோடு புதுக்கோட்டைக்குப் பேருந்து ஏறினாலே தெருவுக்குத் தெரிந்துவிடும்.

முஸ்லிமின் குறையை மறைக்க வேண்டும் என்ற நபிமொழியைச் சிலர் இங்கே கொண்டு வருகிறார்கள். அது தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் தவறியவரைப் பற்றியது. பிறர் பிள்ளைக்கு அநீதி செய்தவரை மறைக்க அதில் இடமில்லை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவம் செய்கிறது என்றும், சாட்சிக்கு எந்தத் தீங்கும் இழைக்கப்படக் கூடாது என்றும் அல்பகரா அத்தியாயம் அடுத்தடுத்த வசனங்களில் (282, 283) சொல்கிறது. சாட்சி சொல் என்று கட்டளையிடும் மார்க்கம், சாட்சியைக் காப்பதையும் நம் மீது கடமையாக்கியிருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உறவினராகவோ, ஜமாஅத் நிர்வாகியாகவோ, உஸ்தாதாகவோ இருந்தாலும் இதுவே நிலை.

மஹல்லா ஜமாஅத்துகள் ஒன்றைத் தெளிவாக அறிய வேண்டும். போக்சோ வழக்கு பஞ்சாயத்தில் பேசி முடிக்கும் விஷயம் அல்ல. தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரிய குற்றம்.

பெற்றோர்கள் செய்ய வேண்டியவையும் உண்டு. 1098 எண்ணில் எந்த நேரமும் உதவி கேட்கலாம். விசாரணை முடியும்வரை பிள்ளையுடன் இருக்க ஓர் ஆதரவு நபரை நியமிக்கும்படி மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவிடம் கேளுங்கள். இந்த வசதி இருப்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். வருகிறவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொல்லும்படி பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான். "நடந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல்" என்பது போதும்.

நாம் மற்றவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அந்த வீட்டுப் பெயரைக் கடைவீதியிலும் வாட்ஸ்அப்பிலும் பேசாமல் இருப்போம். அந்தப் பிள்ளை நீதிமன்றம் போய்த் திரும்பிய மறுநாளும் நம் பிள்ளைகளோடு மதரஸாவில் அமர்ந்து ஓதும் நிலையை உண்டாக்குவோம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.