குதிருக்குள் நெல்

குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதுபோலவே மின்சாரத்துக்கும் பழகிவிட்டோம். பாட்டரியில் இருப்பதோ குதிரில் கொட்டிவைத்த நெல். அளக்காமல் அள்ளினால் தை அறுவடைக்கு வெகுமுன்பே குதிரின் அடி தெரிந்துவிடும். மீமிசல் பக்கத்தவர்க்கு இதை எவரும் விளக்கவேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில், சில வாரக்கணக்கில், இருளில் கிடந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துக் கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றியவர்கள் உண்டு.

இப்போது வேனுக்குள்ளேயே படுக்கையும் அடுப்பும் அமைத்துக்கொண்டு பயணம் போகும் வழக்கம் நம்மிடையேயும் பரவுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்து மீமிசல் கரையோரம் இரண்டிரவு தங்க நினைப்பவர்க்கு நான் சொல்வது இதுதான்: பெரிய பாட்டரி வாங்குமுன் ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி கொண்ட அமில பாட்டரி காகிதத்தில் 1800 வாட்-மணி. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் முடியும். ஆகவே கையில் இருப்பது 900. சாதாரண மின்விசிறி 75 வாட். எட்டு மணி நேரத்துக்கு 600. இன்வர்ட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 15 வாட் தின்னும் என்றால் நாள் முழுவதும் 360. கூட்டிப் பாருங்கள், முதல் நாளே கடன். அதே பாட்டரியிலிருந்து 25 வாட் விசிறி, 5 வாட் விளக்கு, இரண்டு கைபேசிகள் ஆகியவற்றை நேரடியாக 12 வோல்ட்டிலேயே ஓட்டினால் ஓரிரவுக்கு 255 வாட்-மணி போதும். மூன்றிரவு தாராளமாகக் கழியும். ஆகவே குற்றவாளி பாட்டரியன்று. பன்னிரண்டை இருநூற்று முப்பதாக்கும் அந்த வீண் ஆடம்பரம்தான். (எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியில் மட்டும் கைவைக்கவேண்டாம். காலையில் வேனைத் தள்ள ஆள் தேடவேண்டியிருக்கும்.)

சூரியப் பலகை இருக்கிறதே என்பீர்கள். 100 வாட் பலகை நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 வாட்-மணி தரும். ஆனால் வேனுக்கு நிழல் வேண்டும், பலகைக்கு வெயில் வேண்டும். மாமியார் மருமகள் வழக்குதான். ஒரு தென்னங்கீற்றின் நிழல் விழுந்தாலே வரவு சரிந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழையின் மேகமூட்டத்திலோ வரவு கால்வாசியாகவும் குறையக்கூடும். நம் கடற்கரைக்குப் புயல் வருவதும் அந்த மாதங்களில்தான்.

இதனாலேயே இந்தக் கணக்கை வேன்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்க மனம் ஒப்பவில்லை. வீட்டு இன்வர்ட்டர் ஓரிரு மணி நேர மின்வெட்டுக்காக வாங்கியது. அதில் தொலைக்காட்சியும் ஓடி, பாட்டரி முழுக்க வடிந்து, மின்சாரம் திரும்பும்வரை அப்படியே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். பின்பு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்புவது அரிது. ஓய்வில் இருக்கும் பாட்டரியில் அளவுமானி 12.2 வோல்ட் காட்டினால் பாதி தீர்ந்தது என்று பொருள். சிறு அளவுமானி ஒன்று, 12 வோல்ட் விளக்கு இரண்டு, கைபேசிக்கு நேரடிச் சார்ஜர் ஒன்று. இவற்றை ஐப்பசி பிறக்குமுன் வாங்கிவைக்கலாம். புயலுக்கு மறுநாள் கடையும் இருட்டாகத்தான் இருக்கும்.