பழைய சோறும் பிரஷர் மாத்திரையும்

ரெண்டு மாசமா இங்க எதுவும் எழுதலை. நாத்து விட்டதும் நடவும்னு வேலை இருந்தது உண்மைதான். ஆனா எழுதாததுக்கு அது காரணம் இல்லை.

சித்திரையில பழைய சோத்தைப் பத்தி எழுதியிருந்தேன். நீராகாரத்துல இருக்கிற நல்ல பாக்டீரியா குடலுக்கு நல்லது, குடல் நல்லா இருந்தா ரத்தக்குழாய் நல்லா இருக்கும், பக்கவாதம் கிட்ட வராதுன்னு ஒரு வேகத்துல எழுதிட்டேன். சென்னை, பெங்களூர்னு நிறைய பேர் பாராட்டுனீங்க. எங்க பெரியப்பா மகன் அண்ணனும் படிச்சிருக்காரு. வயசு 61, ஏழு வருசமா பிரஷர் மாத்திரை. "தம்பியே எழுதிட்டான், இனி மாத்திரை எதுக்கு"ன்னு நிறுத்திட்டாரு. மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே மாத்திரை கொண்டு வர்ற பொண்ணையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்காரு. இதெல்லாம் மதினி சொல்லித்தான் பின்னாடி தெரிஞ்சது.

ஆடி மாசம் ஒரு காலையில மோட்டார் போடப் போன இடத்துல வாய் கோணி, வலது கை தொங்கிப் போச்சு, பேச்சும் குழறிடுச்சு. பக்கத்துக் காட்டுக்காரங்க 108-க்குப் போன் பண்ணாம, புறா ரத்தம் தேய்க்கிற ஊருக்குக் கார்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. நான் சந்தையில இருந்தேன். சேதி கேட்டு ஓடிப்போய் ஆஸ்பத்திரியில சேர்க்கும்போது சாயங்காலம் நாலு மணி. ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போற குழாயை அடைச்சிருக்கு, நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா கரைக்கிற ஊசி போட்டுப் பாத்திருக்கலாம்னு ஸ்கேன் பாத்த டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி என் பதிவை நானே செல்போன்ல எடுத்துப் படிச்சேன். வெக்கமா இருந்தது.

என் மக நர்சிங் படிச்சவ. "அப்பா, நீங்க எழுதுனதுல பாதி நெசம்தான்"னு சொல்லி, ஒரு வாரம் ராத்திரி ராத்திரி போன்ல விளக்குனா. எனக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன்.

குடலும் மண்ணு மாதிரிதான். கோடிக்கணக்குல உசுரு இருக்கு, நாம போடுற எருவைப் பொறுத்து எது பெருகணும்னு அதுவே முடிவாகுது. அமெரிக்காவுல கிளீவ்லாந்து கிளினிக்ல ஸ்டான்லி ஹேசன்னு ஒரு டாக்டர் இருக்காரு. அவர் குழு 2011-ல இருந்து இதை ஆராய்ஞ்சு எழுதிட்டு வருது. முட்டை மஞ்சக்கரு, ஈரல், ஆட்டுக்கறி இதுல இருக்கிற கோலின், கார்னிடின் சத்துகளைச் சில குடல் பாக்டீரியா தின்னு ஒரு வாயுவை உண்டாக்குது. கெட்டுப்போன மீன் நாத்தம் அடிக்குமே, அதே வாயுதான். அது ஈரலுக்குப் போய் டி.எம்.ஏ.ஓ.ங்கிற பொருளா மாறுது. இது ரத்தத்துல ஏறினா தட்டணுக்கள் சீக்கிரம் ஒட்டிக்கிட்டு ரத்தம் உறையுது. இதை அதிகமா உண்டாக்குற பாக்டீரியாவை எலிக் குடல்ல வளரவிட்டுப் பாத்தப்போ, பக்கவாதத்துல மூளை கூடுதலா சேதமாச்சுன்னு 2021-ல எழுதியிருக்காங்க. (இதைப் படிச்சிட்டு முட்டையை நிறுத்திடாதீங்க. எங்க ஊர்ப் பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டைதான் சத்து.)

ஆக, குடலுக்கும் பக்கவாதத்துக்கும் தொடர்பு இருக்கு. பழைய சோத்துல லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கிறதும் நெசம். அதைக் குடிச்சா பக்கவாதம் வராதுன்னு யாரும் நிரூபிக்கலை. அந்தத் தாவலை நான்தான் தாவுனேன்.

இன்னொண்ணையும் அந்தப் பதிவுல விட்டுட்டேன். பழைய சோத்தை யாரும் வெறுமனே சாப்பிடுறதில்லை. கைநிறைய கல்லுப்பு, ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு. பெர்லின்ல 2017-ல எலிகளுக்கு உப்பை அதிகமாக் கொடுத்துப் பாத்திருக்காங்க. பிரஷர் ஏறுச்சு, குடல்ல லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா குறைஞ்சு போச்சு. எந்த நல்ல பாக்டீரியான்னு நான் பெருமை பேசுனேனோ, அந்த ஜாதியையே உப்பு ஒழிக்குது. களைக்கொல்லி அடிச்ச கையோட அசோஸ்பைரில்லம் விட்டேன்னு சொல்ற மாதிரிதான் நம்ம சாப்பாடு.

டவுன்ல இருக்கிற நீங்க ஒண்ணை யோசிக்கணும். கிராமத்தான் சொன்னா அனுபவம்னு அப்படியே நம்புறீங்க. அந்தக் காலத்துல இந்த நோயெல்லாம் இல்லைன்னு வாட்ஸ்அப்புல வருது. எங்க அப்பத்தா கம்மங்கூழும் நீராகாரமுமா வாழ்ந்த மனுசி. வாதம் அடிச்சு நாலு வருசம் திண்ணையில கிடந்துதான் செத்துச்சு. அப்போ எங்க ஊர்ல பிரஷர் பாக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

சித்திரைப் பதிவை அழிக்கலை. பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க, வாய் கோணினா உடனே 108-க்குப் போன் பண்ணுங்கன்னு மேலே சேர்த்திருக்கேன். யாருக்காவது அனுப்பியிருந்தா, இதையும் அவங்களுக்கு அனுப்புங்க.

அண்ணன் இப்போ கம்பு ஊனி வாசல் வரைக்கும் நடக்கிறாரு. பேச்சு இன்னும் தெளியலை. காலையில மாத்திரையும், கூடவே பழைய சோறும்தான். இடது கையால சாப்பிடப் பழகிட்டாரு. உப்பு வேணும்னு ஜாடை காட்டுறாரு, மதினி பாக்காத மாதிரி திரும்பிக்குது.