காக்கும் கை

தமிழில் ‘கா’ என்பது ஓரெழுத்து ஒருமொழி. அதற்குச் சோலை என்பது ஒரு பொருள். காப்பாயாக என்பது மற்றொரு பொருள். காவல், காவலன், காப்பு, காப்பாளர், காப்பகம் ஆகிய சொற்கள் யாவும் காத்தல் என்னும் கருத்தினின்று கிளைத்தவை. நாடாளும் மன்னனைக் காவலன் என்றனர் நம் முன்னோர்; தினைப்புனத்தில் கிளியோட்டும் மகளின் தொழிலையும் காவல் என்றே கூறினர். நூலின் தொடக்கத்தில் அமையும் கடவுள் வணக்கம் காப்பு. திருவிழாவின் தொடக்கத்தில் கையில் கட்டும் மஞ்சட்கயிறும் காப்பு. வேந்தனுக்கும் புனங்காக்கும் மகளுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, காக்கும் தொழிலில் உயர்வு தாழ்வு கற்பிக்கவில்லை என்பது தெளிவு.

இச்சொல் இன்றும் நம்மைச் சூழ்ந்து நிற்கிறது. பள்ளியில் சேரும்போது நிரப்பும் படிவத்தில் ‘பெற்றோர் அல்லது பாதுகாவலர்’ என்று அச்சிட்டிருப்பதை மாணவர் அறிவர். விடுதிக்கு ஒரு காப்பாளர் உண்டு. ஆதரவற்ற குழந்தைகளுக்குக் காப்பகம் உண்டு. எதிர்பாராத இழப்பை ஈடுசெய்யும் ஏற்பாட்டைக் காப்பீடு என்கிறோம். தீங்கு அணுகாமல் தடுப்பது காத்தல். வாடாமல் வளர்ப்பது ஓம்புதல். மதித்துப் போற்றுவது பேணுதல். வேண்டுவன கொடுத்துத் தாங்குவது புரத்தல். இந்நான்கும் ஒருங்கே கூடிய பணியைச் செய்பவரையே பராமரிப்பாளர் என்றும், பேச்சு வழக்கில் கேர்டேக்கர் என்றும் இன்று குறிக்கின்றனர்.

இச்சொற்கள் அனைத்திற்கும் அடியில் ஒரு கருத்து உண்டு. அகப்பொருள் இலக்கணத்தில் ‘ஓம்படை’ என்று ஒன்று கூறப்படும். தலைவியைத் தலைவனிடம் ஒப்புவிக்கும் தோழி, ‘இவளைப் பேணிக் கொள்க’ என வேண்டுவது அது. ஒருவர் கொடுக்க மற்றொருவர் ஏற்பது காவல். தன் பொருளைத் தான் காப்பது இயல்பு. தன்னிடம் ஒப்புவிக்கப்பட்டதைக் காப்பதே அறம். காப்பவர் வழுவக்கூடிய இடங்கள் இரண்டு. ‘என்னுடையது அன்று, கெட்டால் எனக்கென்ன?’ என்று இருப்பது ஒன்று. ‘என் கையில் இருக்கிறது, ஆகவே என்னுடையது’ என்று எண்ணுவது மற்றொன்று. முன்னது சோம்பல்; பின்னது களவு.

இவ்வுண்மையை விளக்க, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த திருவில்லிபுத்தூர், இராசபாளையம் என்னும் இரண்டு ஊர்களே போதும்.

திருவில்லிபுத்தூரில் வாழ்ந்த விட்டுசித்தர், பெருமாளுக்கு மாலை தொடுப்பதற்காக நந்தவனம் அமைத்துக் காத்தவர். பெரியாழ்வார் என்று உலகம் போற்றுவது இவரையே. அந்நந்தவனத்துத் துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண் மகவைக் கோதை எனப் பெயரிட்டு வளர்த்தார் என்பது வைணவ மரபு. அவர் நட்ட செடியின் பூவும் அவருக்கு உரியதன்று. வளர்த்த மகளும் அவரிடம் நிலைத்திருக்கவில்லை. பூவைக் கோயிலுக்கு அளித்தவர், மகளைத் திருவரங்கத்துப் பெருமானுக்கு அளித்தார். கொடுப்பதற்காகவே காத்தார் அவர். கா என்னும் சொல்லின் இரு பொருளும் அவர் வாழ்வில் ஒன்றாயின.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் இப்பகுதியின் வரலாற்றில் உண்டு. நாயக்கர் ஆட்சியில் தென்னாடு பல பாளையங்களாகப் பிரிக்கப்பட்டது. இராசபாளையத்தை அடுத்த சேத்தூரும் கொல்லங்கொண்டானும் அத்தகைய பாளையங்களே. பாளையக்காரர் ஊர்களைக் காத்தனர். ஊரார் காவல் வரி செலுத்தினர். களவுபோன பொருளைக் காவற்காரர் மீட்டுத் தரவேண்டும். இயலாவிடில் ஈடு கொடுக்கவேண்டும். எத்துணைச் சிறந்த முறை! ஆயினும் நாளடைவில், காவலைக் கடமையாகக் கருதாமல் உரிமையாகக் கருதியவர் பலர் தோன்றினர். வரி பெருகியது, காவல் குன்றியது. வேலியே பயிரை மேய்ந்தது. கும்பினியார் பாளையக்காரரின் அவ்வுரிமையைப் பறித்தபோது, ‘மக்களைக் காக்கவே செய்கிறோம்’ என்று கூறிக்கொள்ள அவர்களுக்கு அதுவே வாய்ப்பாயிற்று.

ஆட்சித் துறையிலும் இச்சொல்லுக்கு இடம் உண்டு. பதவிக்காலம் முடிந்த அமைச்சரவை, புதியது அமையும் வரை அன்றாட அலுவல்களை மட்டும் கவனிக்குமாயின், அதனைக் காபந்து அரசு என்பர். இப்பெயர் நம் அரசியலமைப்புச் சட்டத்தில் இல்லை; மரபே இதனை நடத்துகிறது. இராசபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா 1949-ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கினார். 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். அவருடைய கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிட்டவில்லை. எனினும், அவ்வாண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் இராஜாஜியின் அமைச்சரவை பதவியேற்கும் வரை ஆட்சிப் பொறுப்பு அவர் கையிலேயே இருந்தது. பின்னர் அது முறைப்படி மாறியது. தோற்றவர் கையில் அரசின் கருவூலமும் காவற்படையும் இருந்தும், அவை தம்முடையவை அல்ல என்று அவர் அறிந்திருப்பதே குடியாட்சியின் உயிர். பிற்காலத்தில் அவர் தம் சொந்த இல்லத்தையே காந்தி கலைமன்றத்திற்கு வழங்கினார். தமக்கு உரியதையும் பிறர்க்கு உரியதாக எண்ணிய உள்ளம் அது.

இவ்வூர்களின் மேற்கே நிற்கும் மலைக்காட்டில், அருகிவரும் சாம்பல் நிற மலையணிலுக்கென 1988-ஆம் ஆண்டில் சரணாலயம் அமைந்தது. 2021-ஆம் ஆண்டில் அப்பகுதி மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயிற்று. கோடையில் காட்டுத் தீயைத் தடுத்தும், வேட்டையாடுவோரை விலக்கியும் வனக்காவலர் அங்குத் திரிகின்றனர். அவர்கள் காப்பது தமக்கு உரிய காடன்று. இனிப் பிறக்கப்போகும் மக்களுக்கும் உரிய காடு.

‘கூலிக்குக் காப்பவரிடம் இத்துணை அறத்தை எதிர்பார்க்கலாமா? தேன் எடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?’ என்று கேட்பார் உளர். கூலி அவர் செலவிடும் பொழுதிற்கு. அவர் காட்டும் கருத்திற்கு விலை இல்லை. நோயுற்ற முதியவரின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கும் பணிப்பெண்ணின் பரிவைக் காசால் அளக்க இயலுமா? இராசபாளையம் என்னும் ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட காவல் நாய்க்கு, 2005-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை ஒரு தலை வெளியிட்டுச் சிறப்புச் செய்தது. நாய்க்கு அஞ்சல் தலை வெளியிட்டது தகும். ஆனால் மில் வாயிலிலும் பள்ளி வாயிலிலும் இரவெல்லாம் நிற்கும் மனிதரைப் பெயர் சொல்லியும் அழையாது, ‘ஏய் வாட்ச்மேன்’ என்று விளிப்பது தகுமா? உடையவரைக் கண்டால் எழுந்து நிற்கும் நாம், காப்பவரைக் கண்டால் முகந்திருப்புகிறோம். அரசனுக்கு இட்ட பெயரையே அவருக்கும் இட்ட மொழிக்கு நாம் செய்யும் இழுக்கு அது.

மாணவர் அமரும் பலகையில் முன்னர் ஒருவர் அமர்ந்து படித்தார். பின்னர் ஒருவர் வந்து அமர்வார். நூலகத்து நூலும், ஊருணி நீரும், தெருவோர மரமும் அத்தகையனவே. பெற்றபோது இருந்ததினும் சற்றேனும் நன்றாக அடுத்தவரிடம் ஒப்படைப்பவர் எவரோ, அவரே காவலர் என்னும் பெயருக்கு உரியவர்.