யாருடைய வேளை?

பசியைப் பற்றி எழுதுகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பசியைக் கணக்கெடுக்கிறவர்கள் அதைவிட அதிகம். இந்த இரண்டு சாராரும் சாப்பாட்டு வேளைகளுக்கு வைத்திருக்கிற பெயர்கள் நமது சனங்களின் பெயர்களல்ல என்பதுதான் எனது குற்றச்சாட்டு. இது வெறும் சொல் தகராறல்ல. சொல் பிழைத்தால் கணக்கும் பிழைக்கும் என்பதைக் கண்ணால் கண்ட பிறகே எழுதுகிறேன்.

2022 ஏப்ரல். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. நோன்பு மாதமும் அதுதான். வீடுவீடாக உணவு நிலையைப் பதிய மொனராகலைக்கு ஒரு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். வந்த பிள்ளைகளுக்குத் தமிழ் போதாது. ஓய்வுபெற்ற வாத்தியார் என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். படிவத்தில் மூன்று கட்டங்கள்: காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு. உண்டென்றால் சரி, இல்லையென்றால் புள்ளடி.

முதலில் போனது இறப்பர்த் தோட்டத்து லயம்.

"காலை உணவு சாப்பிட்டீங்களாம்மா?"

"இல்லீங்க மாஸ்டர்."

புள்ளடி விழுந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை.

"அப்ப வெறும் வயித்தோடயா பால்வெட்டப் போனீங்க?"

"ரொட்டி தின்னு சாயத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போனேன். சாப்பாடு பதினொரு மணிக்குத்தான், பால் குடுத்துட்டு வந்து."

அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு என்றால் சோறு. ரொட்டி சாப்பாடாகாது. அவர் பொய் சொல்லவில்லை, கேள்விதான் பிழை. இறப்பர் மரத்தை விடியற்காலைக் குளிரில் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். ஆகவே பால்வெட்டுகிறவரின் நாளை மரம்தான் பங்குபோடுகிறது. பதினொரு மணிச் சோறு காலையா, மதியமா? படிவம் அதை மதியத்தில் போட்டது. காலைக் கட்டத்துப் புள்ளடி அப்படியே நின்றது.

அடுத்த காம்பராவில் ஒரு முதியவர். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும், "ஆச்சுங்க, ஆச்சுங்க, நீங்க உக்காருங்க" என்றார். மூன்று வேளைக்கும் அதே பதில், மூன்று சரிகள். அவருடைய அடுப்பில் அன்றைக்குத் தீ மூட்டிய அடையாளமே இல்லை. தமிழில் "சாப்பிட்டீங்களா?" என்பது விசாரிப்பு மட்டுமல்ல, ஸலாம் மாதிரி ஒரு முகமன். வீட்டுக்கு வந்த அந்நியனிடம் "இல்லை" என்று சொல்ல மானமுள்ள எந்த மனிதனும் விரும்பமாட்டான்.

பின்னேரம் டவுனுக்கு வந்தோம். புடவைக்கடை வைத்திருக்கும் எங்கள் ஆள் ஒருவரின் வீடு. நோன்பு நாளென்பதால் காலை உணவு இல்லை, மதிய உணவு இல்லை, இரவுக்கு மட்டும் சரி. விடியமுன் நாலு மணிக்கு எழும்பி அந்தக் குடும்பம் வயிறாறச் சாப்பிட்ட ஸஹருக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. நோன்பு திறக்கக் குடித்த கஞ்சிக்கும் இல்லை. ஆக, அன்றைய கணக்கின்படி புடவைக்கடைக்காரர் ஒரு வேளை மட்டும் உண்ணும் ஏழை. தீ மூட்டாத வீட்டு முதியவர் மூன்று வேளையும் உண்ட வசதிக்காரர்!

இந்த மூன்று கட்டங்களை யார் வகுத்தார்கள்? ஆங்கிலேயரிடமே அவை நிலையாக இருந்ததில்லை. 'டினர்' என்ற சொல் ஒருகாலத்தில் நடுப்பகற் சாப்பாட்டைக் குறித்தது. மெல்ல மெல்ல நகர்ந்து இரவுக்குப் போனது. 'டிபன்' ஆங்கிலேயர் இந்தியாவில் நடுப்பகலில் உண்ட இலேசான சாப்பாடு. இன்றைய தமிழ்நாட்டில் அது காலை இட்டலி, மாலைத் தோசை. சோறல்லாத எதுவும் டிபன்தான். நமக்கோ இடியப்பம் காலையிலும் சாப்பாடு, இரவிலும் சாப்பாடு. சிங்களவர் 'தவல் கேம' என்பதை நாம் 'பகல் சாப்பாடு' என்கிறோம். தமிழ்நாட்டு வாசகருக்குப் பகல் என்பது விடிந்தது முதல் பொழுது சாயும்வரை. பன்சலையில் பிக்குமார் நண்பகலுக்குப் பின் உண்பதில்லை. அதற்காக அவர்களை இராச்சோற்றுக்கு வழியில்லாதவர்கள் என்று எவரும் எழுதுவதில்லை. அவர்களுடைய ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். தோட்டத்துப் பெண்ணின் ஒழுங்கும் நோன்பாளியின் ஒழுங்கும் மட்டும் ஏன் தெரியாமற் போகிறது?

எழுத்தாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. அறுபதுகளின் தொடக்கத்தில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டம் நமக்குத் தெரியும். பேச்சுவழக்கை 'இழிசனர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்கியபோது, நமது முன்னோடிகள் எதிர்த்து நின்று வென்றார்கள். அந்த வெற்றியின் பலன் நம் சோற்றுப் பானைக்கு வந்து சேரவில்லை. எனது கதையொன்றில் "பகல் சோறு திண்டுட்டுப் போ மகன்" என்று ஓர் உம்மா சொன்னார். அச்சில் வந்தபோது அவர் "மதிய உணவு சாப்பிட்டுவிட்டுப் போ மகனே" என்று பாடப்புத்தகம் பேசினார். விளங்காது என்றார் ஆசிரியர். யாருக்கு விளங்காது? டிபனுக்கு அடிக்குறிப்பில்லாமல் நாம் நாற்பது வருடம் கதை வாசிக்கவில்லையா? காயல்பட்டினத்து முஸ்லிம்கள் காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுதல்' என்பார்கள். அதைவிடத் துல்லியமான தமிழை எந்தப் பண்டிதர் தருவார்? அதற்கும் பக்கத்தின் அடியில் பொருள் போட்டுத்தான் நாம் அச்சேற்றுகிறோம்.

அடுத்தது நம் வீட்டுக்குள் கிளம்பியிருக்கிற திருத்தல்காரர்கள். 'ஸஹர்' என்பது நேரத்தின் பெயர், உணவுக்கு 'ஸஹூர்' என்றே சொல்லவேண்டும் என்கிறார்கள். 'நோன்பு திறத்தல்' நாட்டுப்புறமாகத் தெரிகிறதாம், 'இஃப்தார்' என்றால்தான் கண்ணியமாம். அரபு இலக்கணப்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் அரபுச் சொற்களும் இருந்த இடத்திலேயே இருந்தனவா? இன்று அரபு நாடுகளில் 'கதா' என்றால் பகல் சாப்பாடு. ஹதீஸில் ஸஹர் உணவே அச்சொல்லால் குறிக்கப்படுகிறது. நோன்பு திறக்கும் இஃப்தாரும் அரபியர் காலையில் உண்ணும் ஃபதூரும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அரபியரின் நாவில் நகர உரிமையுள்ள சொல்லுக்கு நம் உம்மாமாரின் நாவில் நகர உரிமையில்லையா?

பொதுச்சொல் ஒன்று வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். நேரசூசிக்கும் பாடநூலுக்கும் காலை, மதியம், இரவு இருக்கட்டும். நான் அவற்றை எரிக்கச் சொல்லவில்லை. அரசு ஒரு வேளைக்குப் பெயர் வைப்பது சிறிய காரியமுமல்ல. தமிழ்நாட்டில் 1956இல் காமராஜர் ஆட்சி பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கியது, 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். வெறும் வயிற்றோடு முதற்பாடத்துக்கு வந்த பிள்ளைக்கென்று காலை உணவுத் திட்டம் வந்தது 2022 செப்டெம்பரில். இடையில் அறுபத்தாறு வருடங்கள். காலைப் பசி அதற்கு முன்னரும் இருந்தது. திட்டத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை. எனவேதான் சொல்கிறேன், கட்டம் போடுகிறவர்கள் முதலில் சனங்களிடம் கேட்கவேண்டும். "காலை உணவு உண்டா?" என்றல்ல. "எழும்பினதிலிருந்து வாயில் என்ன பட்டது? எத்தனை மணிக்கு? அது வயிற்றுக்குப் போதுமாக இருந்ததா?" என்று கேட்கட்டும். அதற்கு அகராதி தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

நம் எழுத்தாளர்களிடமும் இரண்டு காரியம் கேட்கிறேன். உங்கள் கதையில் வரும் பகல் சோற்றுக்கும் ஸஹருக்கும் இனி அடிக்குறிப்புப் போடாதீர்கள். அரச காரியாலயத்திலோ நிறுவனத்திலோ படிவம் தமிழாக்க அழைத்தால், அது இலக்கியமல்ல என்று ஒதுங்காதீர்கள். பொத்துவில், பிபிலை, பசறைச் சனங்களெல்லாம் வந்து கூடுகிற இந்த ஊரில், ஒரே கடை வாங்கிலிருந்து நாலு விதமான தமிழில் சோறு கேட்பார்கள். கடைக்கார நானா ஒருவரையும் திருத்தாமல் எல்லோருக்கும் பரிமாறுகிறார். படிப்பில்லாத அவருக்கு முடிகிறது.

அன்றைக்கு முதியவரின் படிவத்தில் மூன்று சரிகளுக்கும் பக்கத்தில், "அடுப்பு மூட்டப்படவில்லை" என்று பென்சிலால் எழுதினேன். ஓரத்தில் எழுதுவது கணினியில் ஏறாது என்றார்கள். ஏறியிருக்காது. ஆனாலும் அடுத்த முறை கூப்பிட்டால் போவேன். பென்சிலை விட்டுப் பேனையால் எழுதுவேன்.