வேகவதிக்காக யார் வழக்குரைப்பார்?

சாயப்பட்டறைகளின் கழிவுநீரும் நகரத்தின் சாக்கடையும் வேகவதியில் கலப்பதைச் சின்ன காஞ்சிபுரத்தில் அறியாதார் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று நாம் செய்வதென்ன? ஆலய வளாகத்தில் மரக்கன்று நட்டு, பதாகையின்முன் படமெடுத்துக் கலைகிறோம். தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கு அப்படம் போதுமானதாகி விடுகிறது.

சுற்றுச்சூழல் அமைப்புகள் பெருகிவிட்டன என மகிழ்வோருடன் நம்மால் உடன்பட இயலவில்லை. பெருகியிருப்பவை பெரும்பாலும் அலுவலகங்களே. நமது பாலாற்றங்கரையில் இம்முயற்சி வேறு விதமாகவன்றோ தொடங்கியது! தோல் ஆலைக் கழிவால் கிணறும் கழனியும் கெட்டபோது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மாசுபடுத்துவோரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பு வந்தது. இருந்தும், அதே ஆற்றுக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. தீர்ப்பு ஒரு நாளில் வந்துவிடும். கழிவுக்குழாயைக் கண்காணிப்பதோ வாழ்நாள் வேலை. அதற்கு நிதி தரும் மூன்றாண்டுத் திட்டம் எங்கே உள்ளது?

இடிந்தகரையை நினைத்துப் பார்ப்போம். 2011இல் லூர்து மாதா ஆலய முற்றத்தில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் உண்ணாநோன்பிருந்தனர். பின்னணியில் அமெரிக்க அமைப்புகள் உள்ளன என்று 2012இல் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே பழி சுமத்தினார். அப்பழியால் பந்தல் காலியாகவில்லை. நிதி நின்றதும் ஊர் திரும்பும் பணியாளர்களல்லர் அவர்கள். கடலே அவர்களது பிழைப்பு.

இங்கு நாம் வாய் திறவாததற்குக் காரணம் வேறு. சாயம் தோய்ப்பவர் நம் அண்டை வீட்டார். சொன்னால் அவர் அடுப்பு அணையுமோ என அஞ்சுகிறோம். நியாயமான அச்சந்தான். வெளியிலிருந்து வரும் அமைப்புகளோ அந்த ஏழையையே குற்றவாளியாக எழுதிச் செல்கின்றன. பட்டுப்புடவையின் இலாபத்தைக் காணும் பெருவணிகர் எவருடைய அறிக்கையிலும் இல்லை! மாசுபடுத்துவோர் ஈடுசெய்வதென்றால், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை அவரன்றோ ஏற்க வேண்டும்? மண்ணின் துயரையும் ஏழையின் துயரையும் பிரிக்கலாகாது என்பதே 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் விடுத்த 'இறைவா, உமக்கே புகழ்' சுற்றுமடலின் நெஞ்சம்.

வரும் ஜூன் 5இல் மரக்கன்று வேண்டாம். அன்பியத்திற்கு இருவர் வீதம் கால்வாய்க் கரையில் நடந்து, கழிவு கலக்கும் இடங்களைக் குறித்து வரட்டும். அந்நீரின் ஆய்வு முடிவுகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நாமே கேட்போம். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.