நஞ்சுக்கு மருந்தென்று பெயரா?

சொல் பிறழ்ந்தால் எண்ணம் பிறழும். எண்ணம் பிறழ்ந்தால் வாழ்வு பிறழும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் உழவர் வாயில் நாள்தோறும் புழங்கும் 'களைமருந்து' என்னும் ஒரு சொல்லே போதும். நோய் தீர்ப்பதற்கும் உயிர் காப்பதற்கும் நம் முன்னோர் இட்ட பெயர் மருந்து. வள்ளுவப் பெருமான் அப்பெயரில் ஓர் அதிகாரமே அமைத்தார். அப்பெயரைக் கொல்லும் பொருளின்மேல் ஏற்றி, 'மருந்தடிக்கப் போகின்றேன்' என்று தெளிப்பானைத் தோளில் மாட்டுகின்றோம். அடிக்கும் மருந்தில் மாய்வன எவை? கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் தும்பையும்! மெய்யான மருந்தைப் பொய்யான மருந்து கொல்கின்றது.

இது வெறுஞ்சொற் பூசலன்று. மருந்தென்று சொன்னவுடன் அச்சம் அகன்றுவிடுகின்றது. அச்சம் அகன்றபின், தெளிப்பானை வாய்க்காலிற் கழுவவும், மீந்ததைக் கிணற்றோரம் கொட்டவும் கை கூசுவதில்லை. கொட்டியது எங்கே போகின்றது? நிலத்துள் இறங்கி, நீரோடு கலந்து, ஊர்க்குழாய் வழியே நம் குடத்துக்கே வந்து சேர்கின்றது.

இதனை மெய்ப்பித்துக் காட்டிய நாடு அமெரிக்கா. 'அட்ரசீன்' என்னும் களைக்கொல்லியைச் சுவிட்சர்லாந்து நாட்டுக் கெய்கி நிறுவனம் 1958-ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அமெரிக்க நடுப்பகுதி மாநிலங்களின் மக்காச்சோள வயல்களில் அது மழையெனப் பொழியப்பட்டது. இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடி கிலோ அந்நாட்டில் தெளிக்கப்படுகின்றது. அது மண்ணில் இறுகப் பற்றாது. நீரில் எளிதிற் சிதையாது. விதைப்புக்குப் பின் பெய்யும் முதன்மழையிலேயே ஓடைக்கும் ஏரிக்கும் போய்விடும். காய்ச்சினாலும் அழியாது, குளோரினுக்கும் மணல்வடிகட்டிக்கும் அடங்காது. செயலூக்கிய கரிப்படுகையில் வடித்தால் அதனைப் பிரிக்க முடியும். அதற்கோ பெரும்பொருள் வேண்டும்.

அப்பொருளை யார் கொடுப்பது? நஞ்சை விற்றவன் ஈட்டத்தைக் கொண்டுபோனான். நீரைத் தூய்மை செய்யும் செலவு குடிப்பவன் தலையில் விழுந்தது. இம்முறைகேட்டை எதிர்த்து 2004-ஆம் ஆண்டில் இல்லினாய்சு மாநிலத்துச் சிறியதொரு நீர்வழங்கல் அமைப்பு, கெய்கியின் வழிவந்த சின்செண்டா நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. மற்றை ஊர்களும் வழக்குமன்றம் ஏறின. 2012-ஆம் ஆண்டில் அந்நிறுவனம், குற்றத்தை ஒப்பாமலே, பத்தரைக் கோடி தாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடிநீர் அமைப்புகள் அத்தொகையிற் பங்கு பெற்றன. சிற்றூர் மக்கள் ஒன்றுபட்டால் பெருவணிகமும் பணியும் என்பதற்கு இஃதொரு சான்று.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிவியலாளர் டைரோன் ஏய்சு என்பார், லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம் அட்ரசீன் கலந்த நீரில் வளர்ந்த ஆண் தவளைகளின் உறுப்புகள் திரிந்தமையை 2002-இல் வெளியிட்டார். அமெரிக்க அரசு குடிநீரில் ஒப்பும் அளவு 3 மைக்ரோகிராம். அதில் முப்பதில் ஒரு பங்கே இது. நிறுவனம் மறுத்தது, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் காப்பு முகவாண்மையும் 2007-இல் அவர் முடிவை ஏற்கவில்லை. தவளைக்கு நேர்ந்தது மாந்தர்க்கும் அவ்வாறே நேரும் என்று யாமும் சொல்லவில்லை. ஆயின், மறுப்பை ஆய்வால் நிறுவுவது ஒன்று. ஆய்ந்தவரை இழிவுசெய்வது வேறொன்று. ஏய்சின் நற்பெயரைக் குலைக்க நிறுவனம் வகுத்த சூழ்ச்சிகளை, வழக்கின் வழியே வெளிப்பட்ட அதன் உள்ளாவணங்களே காட்டிக்கொடுத்தன.

ஐரோப்பா வேறு வழி சென்றது. எந்தவொரு பூச்சிக்கொல்லியும் களைக்கொல்லியும் குடிநீரில் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமிற்கு மேல் இருத்தலாகாது என்று 1980-லேயே அது வரம்பிட்டது. செருமனி 1991-இல் அட்ரசீனை விலக்கியது. நிலத்தடி நீரில் இவ்வரம்பைக் காக்க இயலாது என்னும் கரணியத்தால் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியமே அதனைக் கைவிட்டது. பிறந்த நாடான சுவிட்சர்லாந்திலும் அதற்கு இன்று இடமில்லை. தன் வீட்டில் வைக்கத் தகாததைப் பிறர் வீட்டில் விற்பதுதான் வணிகவறம் போலும்!

நம் நிலை என்ன? 2020-ஆம் ஆண்டு தில்லி அரசு தடைசெய்யக் கருதி வெளியிட்ட 27 நஞ்சுகளின் பட்டியலில் அட்ரசீனும் இருந்தது. 2023-இல் இறுதியாகத் தடையுற்றவை சிலவே. அட்ரசீன் அவற்றுள் இல்லை. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் மக்காச்சோளக் காடுகள் அதன் இயல்பான சந்தை. இந்தியத் தரவரம்பு அதற்குக் குடிநீரில் 2 மைக்ரோகிராம் வரை இடந்தருகின்றது. ஐரோப்பிய வரம்பைப்போல் இருபது மடங்கு! அவ்வரம்பின்படி கணக்கிட்டாலும் ஒரு கிலோ அட்ரசீன் 50 கோடி லிட்டர் நீரை வரம்புவரை நிரப்பப் போதுமானது. தமிழ்நாட்டரசு தடுக்க விரும்பினாலோ, 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு 60 நாள்களுக்கே இசைகின்றது. மேலும் 30 நாள் நீட்டலாம், அவ்வளவே. நம் ஆற்றில் ஓடும் நீர் நம்முடையது. அதில் நஞ்சு கலவாமற் காக்கும் உரிமை மட்டும் தில்லியினுடையதா?

'களையெடுக்க ஆளில்லை, கூலி கட்டவில்லை' என்று உழவர் கூறுவது மெய். அவரைப் பழிப்பது நம் நோக்கமன்று. களைக்கொட்டுக்குக் கூலி கொடுக்க இயலாத விலைக்கு அவர் விளைபொருளை வாங்கும் குமுகாயமே முதற்குற்றவாளி. களையெடுப்புக் கருவிகளைச் சிற்றூர்தோறும் வாடகைக்கு வைத்தும், விளைபொருளுக்குத் தக்க விலை தந்தும் அரசு துணைநின்றால், நஞ்சின் தேவை தானே சுருங்கும்.

அதுவரை நாம் கேட்கவேண்டியவை சில. ஊராட்சிகளுக்கு வழங்கப்பட்டுள்ள களஆய்வுப் பெட்டிகள் கடினத்தன்மையையும் புளூரைடையும் நைட்ரேட்டையும் காட்டும், களைக்கொல்லியைக் காட்டா. ஆகவே, மக்காச்சோளமும் கரும்பும் மிகுந்த பகுதிகளில், விதைப்பை அடுத்த மழைக்காலத்தில், கிணற்று நீரையும் குழாய் நீரையும் முறையான ஆய்வகத்தில் ஆய்தல் வேண்டும். கண்ட அளவைத் தூய தமிழில் ஊராட்சி மன்ற வாயிலில் எழுதி ஒட்டுதல் வேண்டும். குடிநீர்க் கிணற்றையும் ஏரியையும் சுற்றி நஞ்சு தெளியா எல்லை வகுத்தல் வேண்டும்.

அன்பர்களே! இவற்றுக்கெல்லாம் ஆணை வரும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. 'களைமருந்து' என்னும் பொய்ச்சொல்லை நாவினின்று களையுங்கள். கடையிற் கேட்கும்போதும், களத்திற் பேசும்போதும், பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் 'களைநஞ்சு' என்றே சொல்லுங்கள். நஞ்சென்று அறிந்து கையாள்பவன் அதனை நீர்நிலையிற் கழுவான்.